நடுவில் தொடை, அடியில் கணுக்கால்

வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் கரையிலிருந்து ஜேம்ஸ் ஆற்றைக் கடக்கக் கட்டணமில்லாத படகு ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. கார்களையும் ஆட்களையும் ஏற்றிச் சென்று சிறிது நேரத்தில் தென்கரையிலுள்ள சர்ரி கவுண்டியில் இறக்கிவிடும். அந்தக் கரையோரமாக ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு தாழ்ந்த நிலம் நீண்டு கிடக்கிறது. அதற்கு ஹாக் ஐலண்ட் என்று பெயர். 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் சில ஆண்டுகளுக்குள் தங்கள் பன்றிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கமும் தண்ணீர் இருந்ததால் வேலி கட்டும் வேலை மிச்சமாயிற்று. அமெரிக்காவின் தென்பகுதிக்குப் பன்றி வந்த கதை இதற்கும் முந்தியது. 1539-இல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியப் படைத்தலைவன் எர்னாந்தோ தே சோத்தோவுடன் 13 பன்றிகள் வந்ததாகவும், மூன்றே ஆண்டுகளில் அவை பல நூறாகப் பெருகியதாகவும் சொல்வார்கள். ஓக் மரக் காடுகளில் உதிர்ந்த கொட்டைகளைத் தின்று, மேய்ப்பவன் இல்லாமலே பெருகும் விலங்கு அது. தென்மாநிலத்தவரின் விருந்து மேசையில் பன்றி நடுநாயகமாக அமர்ந்ததற்கு இந்த எளிமைதான் முதல் காரணம்.

படகுத் துறையிலிருந்து தென்கிழக்கே போனால் பேகன் ஆற்றங்கரையில் ஸ்மித்ஃபீல்டு வருகிறது. ஹாம் என்று சொன்னாலே அமெரிக்கர்களுக்கு நினைவில் எழும் ஊர் இது. பன்றியின் பின்தொடையை முழுதாக எடுத்து, உப்புக்கண்டம் போட்டு, புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்தியதுதான் ஹாம். 1926-இல் வர்ஜீனியாவின் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. வர்ஜீனியாவிலோ வட கரோலினாவிலோ கடலை விளையும் பகுதியில் நிலக்கடலை தின்று வளர்ந்த பன்றியின் தொடையாக இருக்க வேண்டும், ஸ்மித்ஃபீல்டு ஊர் எல்லைக்குள்ளேயே உப்பிட்டுப் பதப்படுத்தியிருக்க வேண்டும், அதற்கு மட்டுமே ஊரின் பெயர் பொருந்தும் என்றது அந்தச் சட்டம். கடலை நிபந்தனையைப் பின்னாளில் தளர்த்திவிட்டார்கள். ஊரின் அருங்காட்சியகத்தில் 1902-இல் உப்பிட்ட ஒரு தொடை இன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறது. குவால்ட்னி என்ற வணிகர் அதற்குப் பித்தளைப் பட்டை மாட்டி, போகிற இடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். சட்டம், அருங்காட்சியகம், பித்தளைப் பட்டை என எல்லா மரியாதையும் தொடைக்கே சேர்ந்திருக்கிறது. தென்மாநிலத்தவரின் விருந்துக்குப் பெயரும் ஹாம் டின்னர்தான். ஆனால் ஸ்மித்ஃபீல்டில் தொடங்கித் தெற்கே கரோலினாவின் கடலோரம், மேற்கே டென்னசி மலைகள், மறுபடி வடக்கே வர்ஜீனியாவின் மேட்டுநிலம் என்று ஒரு சுற்றுப் போய், வழியில் எதை எதனோடு உண்கிறார்கள் என்று பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர நேரிடுகிறது. அந்த விருந்தைத் தென்னாட்டு விருந்தாக்குவது நடுவிலிருக்கும் தொடையைக் காட்டிலும் சுற்றியிருக்கும் கீரையும் பயறும் கிழங்கும் ரொட்டியுமே. பக்க உணவு என்ற பெயரில் ஓரத்தில் வைக்கப்பட்டவைதான் அந்த நிலத்தின் சமையல் என்று சொல்வேன்.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். விருந்து நாளன்று ஹாமுக்குச் செய்ய வேண்டிய வேலை குறைவு. அதன் சமையலைப் பனிக்காலமும் உப்பும் முன்பே முடித்துவிட்டன. குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன், முதல் கடுங்குளிர் விழுந்த பிறகு, பெரும்பாலும் டிசம்பரில், பன்றி அறுப்பார்கள். இறைச்சி உறைந்துவிட்டால் உப்பு உள்ளே இறங்காது. வெப்பம் ஏறினால் எலும்பை ஒட்டி அழுகத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும் இடத்தில்தான் ஹாம் தொழில் வேரூன்ற முடியும். வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கி, மிசௌரி என்று தென்பகுதியின் வட விளிம்பிலேயே அது படர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். உப்பு இறங்கிய தொடையை வசந்தத்தில் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். கோடையின் புழுக்கத்தில் அதன் கொழுப்பு கசிந்து, மணம் ஏறும். கிராமத்து ஹாம் என்று விற்க வேண்டுமானால் தொடை தன் எடையில் குறைந்தது 18 சதவீதம் இழந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. இத்தனை உப்பேறிய இறைச்சியை ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கொதி வராத சூட்டில் வேகவைத்து, தோலை உரித்துவிட்டுக் கொழுப்பின் மேல் கட்டம் கட்டமாகக் கீறி, கீறல் சந்திக்கும் இடங்களில் கிராம்பு குத்தி, பழுப்புச் சர்க்கரையும் கடுகு விழுதும் பூசி ஓவனில் வைக்கிறார்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் நகரத்து ஹாம் இன்னும் சுலபம். உப்புநீரை ஊசியால் ஏற்றிப் புகையிட்டு, வெந்த நிலையிலேயே விற்பது அது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் உட்புறம் 60 டிகிரி வரும்வரை வைத்திருந்தால் போதும்.

சமைப்பவரின் கைகள் அன்று முழுக்கப் பக்க உணவுகளில்தான் இருக்கின்றன. காலர்ட் என்ற தடித்த இலைக்கீரையை மண் போகப் பல தண்ணீரில் அலசி, நடுநரம்பை நீக்கி, சுருட்டி நறுக்க வேண்டும். அதற்கு முன்பே அடுப்பில் புகையிட்ட பன்றிக் கணுக்கால் ஒன்று வெந்து சாறு இறங்கியிருக்க வேண்டும். கீரை அந்தச் சாற்றில் ஒரு மணி, இரண்டு மணி என்று வேகும். காராமணியை ஊறவைத்து அதே மாதிரி உப்பிறைச்சித் துண்டோடு வேகவைப்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெண்ணெய், சர்க்கரை, ஜாதிக்காயோடு பாகு கட்டும்வரை சுடுவார்கள். மக்ரோனியைப் பாலாடைக்கட்டியோடு அடுக்கி ஓவனில் வைத்து மேற்புறம் முறுகவிடுவார்கள். மக்காச்சோள ரொட்டிக்கு வார்ப்பிரும்புச் சட்டியைக் கொழுப்போடு முன்கூட்டியே காயவைத்து, மாவை ஊற்றும்போது சுரீரென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் அடிப்புறம் மொறுமொறுப்பாக வரும். ஓவன் ஒன்றுதான் இருக்கும். அதில் எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போடுவதே ஒரு திறமை. நாக்கின் கணக்கும் இதையே சொல்கிறது. அத்தனை உப்பான ஹாமை மெல்லிய துண்டாக அன்றி உண்ண முடியாது. கீரையின் கசப்பும், அதன்மேல் விடும் மிளகாய் ஊறிய வினிகரின் புளிப்பும், கிழங்கின் இனிப்பும், பயறின் மாவுத்தன்மையும் இருந்தால்தான் அது உணவாகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே விலங்கு அந்தத் தட்டில் இரண்டு முறை வருகிறது. அதன் தொடை நடுவே மெருகோடு வீற்றிருக்கிறது. அதன் கணுக்கால் கீரைச் சட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. இறைச்சியையே உணவாக உண்பது ஒரு முறை. சிறு துண்டு இறைச்சியின் உப்பையும் புகையையும் கொண்டு ஒரு சட்டி நிறைய இலையையும் பயறையும் ருசியாக்குவது இன்னொரு முறை. இந்த இரண்டும் இரு வேறு வாழ்க்கைகளிலிருந்து வந்தவை. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தன் வரலாற்றில், வளர்ந்த அடிமை ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு அளந்து கொடுத்த உணவைக் குறிப்பிடுகிறார். எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் இறைச்சி, அதுவும் விடியலிலிருந்து இருட்டும்வரை வயலில் உழைக்கும் உடம்புக்கு. புகைக்கூடத்தின் சாவி எசமானர் வீட்டில் இருந்தது. அந்த 120 கிராமை அப்படியே சுட்டுத் தின்றால் நாலு வாயில் முடிந்துவிடும். குடிசையோரத் துண்டு நிலத்தில், வேலை முடிந்த நேரத்தில் தாங்களே வளர்த்த கீரையோடு அதை வேகவிட்டால் ஒரு குடும்பத்துக்கே சட்டி நிறையும். வெந்த சாற்றில் மக்காச்சோள ரொட்டியைத் தோய்த்தால் ஒரு துளியும் வீணாகாது. பற்றாக்குறை மட்டுமே இதைக் கற்றுத் தந்துவிடவில்லை. இலைக்குழம்பைத் தானியக் களியோடு உண்ணும் மேற்கு ஆப்பிரிக்கச் சமையலறைகளிலிருந்து வந்த கைகளுக்கு அது பழகிய வழியாகவும் இருந்தது. அந்தக் கீரைச் சாற்றின் மதிப்பு பின்னாளில் எவ்வளவு உயர்ந்தது என்றால், 1931-இல் லூசியானாவின் ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியரும் ரொட்டியை அதில் முக்கித் தின்பதா, உதிர்த்துப் போடுவதா என்று ஊரறிய வாதாடினார்கள்.

வட கரோலினாவின் சர்க்கரைவள்ளி வயல்களைத் தாண்டித் தெற்கே இறங்கி சார்ல்ஸ்டனை அடைந்தால் ஹாமின் ஆட்சி தளர்ந்து, பயறும் அரிசியும் தலையெடுக்கின்றன. வட அமெரிக்காவுக்குக் கடத்திவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும் பகுதியினர் கரையேற்றப்பட்டது இந்தத் துறைமுகத்தில். கேட்ஸ்டன் துறை என்ற அந்த இடத்திலேயே 2023-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இங்கே தமிழ்நாட்டுப் பயணி ஒருவர் தட்டைப் பார்த்தால் பாதிப் பொருள்களை அடையாளம் கண்டுவிடுவார். காராமணி, வெண்டைக்காய், எள், அரிசி. காராமணி ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கே நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. மேற்கே அமெரிக்காவுக்குப் போனது அடிமைக் கப்பல்களின் காலத்தில். எள்ளின் பாதை இதற்கு நேர் எதிர். இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராகி, ஆப்பிரிக்கா வழியாக சார்ல்ஸ்டனை அடைந்து, அங்கே மெல்லிய இனிப்புப் பிஸ்கட்டாகிவிட்டது. காராமணியும் அரிசியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் சேர்ந்த 'ஹாப்பின் ஜான்' சோற்றின் செய்முறை, சாரா ரட்லெஜ் 1847-இல் வெளியிட்ட கரோலினாச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது. அவர் எசமானர் குலத்துப் பெண். மேரி ராண்டால்ஃப் 1824-இல் வெளியிட்ட வர்ஜீனியாச் சமையல் புத்தகத்திலும் பயறும் வெண்டைக்காயும் இடம்பெற்றிருக்கின்றன. கிழக்கிந்திய முறைப்படி கறி செய்யும் குறிப்புகூட அதில் உண்டு. இந்த இரு நூல்களும் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சிகள். குடிசையில் வெந்தது பெரிய வீட்டின் மேசைக்கு ஏறிவிட்டதை அவை காட்டுகின்றன. ஏறும்போது சமைத்தவரின் பெயர் கூடவே வரவில்லை.

இப்படிச் சொன்னால் சில மறுப்புகள் எழும். பக்க உணவுகள் எல்லாவற்றையும் ஆப்பிரிக்கர் கணக்கில் எழுதுவது மிகை என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். அங்குள்ள பூர்வகுடிகளான பவுஹட்டன் மக்களும் செரோக்கியரும் மக்காச்சோளத்தை இடித்து ரொட்டியாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது ஜேம்ஸ்டவுனுக்கு யாரும் வந்திருக்கவில்லை. காலர்ட் ஐரோப்பாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் இனக் கீரை. அரிசியைப் பற்றியும் அறிஞர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நெல் விளைவிக்கும் நுட்பத்தையே மேற்கு ஆப்பிரிக்கர்தான் கரோலினாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஜூடித் கார்னி 2001-இல் எழுதிய நூலை, கப்பல் பயணப் பதிவுகளைக் கொண்டு எல்டிஸ், மார்கன், ரிச்சர்ட்சன் மூவரும் 2007-இல் எதிர்த்தார்கள். தோட்ட முதலாளிகளின் முதலீட்டுக்கும் திட்டத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம். நுட்பம் யாருடையது என்ற அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், சேற்றில் இறங்கி நட்டதும், உரலில் குத்தியதும், பானையில் பொங்கியதும் யார் கைகள் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துச் சமையலின் உரிமையை முடிவுசெய்ய முடியாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால் மிளகாய்ச் சட்னி நம்முடையதில்லை என்று யாரும் சொல்வதில்லை. செவ்விந்தியரின் தானியம், ஐரோப்பியரின் கீரை, ஆப்பிரிக்கரின் பயறு மூன்றையும் ஒரே சாற்றில் இணைத்த முறைதான் இங்கே கேள்வி. அந்த முறை அடிமைகளின் அடுப்பில் உருவானது.

இரண்டாவது மறுப்பு டென்னசி மலைகளை நோக்கிப் போகும்போது வலுப்பெறுகிறது. தென்மாநில வெள்ளையரில் பெரும்பாலோர் அடிமை வைத்திருக்கவில்லை, அவர்களும் மக்காச்சோளமும் உப்புப் பன்றியும் கீரையும் தின்றே வாழ்ந்தார்கள், ஆகவே இது வறுமையின் சமையல், நிறத்தின் சமையல் அன்று என்பார்கள். மலைப்பகுதியில் இது பெரிதும் உண்மை. மேடிசன்வில் ஊரில் ஆலன் பென்டன் 1973-லிருந்து நடத்திவரும் புகைக்கூடம், வீட்டுக்கு வீடு சிறு விவசாயிகள் செய்துவந்த முறையிலிருந்து வளர்ந்ததுதான். தெற்கு பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896-லிருந்து லாட்ஜ் ஆலை வார்த்துவரும் இரும்புச் சட்டிகள் கறுப்பர் வீட்டிலும் வெள்ளையர் வீட்டிலும் ஒரே ரொட்டியைத்தான் சுட்டன. ஆனால் இந்த மலைகளில் தொடை யார் வாய்க்குப் போனது என்று பார்க்க வேண்டும். காசு புழங்காத மலைக் குடும்பங்கள் பலவற்றில் ஹாம்தான் விற்பனைப் பண்டம். கடைக்காரரிடம் அதைக் கொடுத்துக் காப்பி, உப்பு, துணி வாங்கினார்கள். வீட்டுக்கு மிஞ்சியது தோள், வயிற்றுக் கொழுப்பு, கால்கள். அவை பயறுக்கும் கீரைக்கும் உப்பும் கொழுப்புமாயின. தொடை பணம் இருக்கிற பக்கம் நகர்கிறது, கணுக்கால் உழைப்பவர் சட்டியில் தங்குகிறது. என் வாதத்தை இந்த மறுப்பு உடைக்கவில்லை, இன்னொரு மக்களையும் அதற்குள் கொண்டுவருகிறது. இருந்தாலும் வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மலை விவசாயி தன் பன்றியைத் தானே அறுத்துத் தானே விற்றான். அடிமைக்குத் தன் உடம்பே தன்னுடையதாக இல்லை.

மலைகளிலிருந்து ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியே வடக்கே ஏறினால் மான்டிசெல்லோ வருகிறது. தாமஸ் ஜெஃபர்சனின் குன்றுமேல் வீடு. மக்ரோனியை நினைக்க இதுவே இடம். இத்தாலியப் பண்டம் தென்னாட்டு ஹாம் விருந்தில் ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரு பதில் உண்டு. ஜெஃபர்சன் 1784-இல் பிரான்சுக்குத் தூதராகப் போனபோது, தன் உடைமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இளைஞரையும் சமையல் கற்க அழைத்துப் போனார். ஹெமிங்ஸ் பாரிசில் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தார். விடுதலை வேண்டுமானால் தன் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க வேண்டும் என்பது நிபந்தனை. தம்பி பீட்டருக்குக் கற்பித்துவிட்டு 1796-இல் விடுதலை பெற்றார். 1802-இல் குடியரசுத் தலைவர் இல்லத்தில் ஜெஃபர்சன் கொடுத்த விருந்தில் மக்ரோனி பரிமாறப்பட்டதை விருந்தாளி ஒருவர் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ராண்டால்ஃபின் 1824 நூலில் பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சுடும் செய்முறை இருக்கிறது. அந்த உணவை ஹெமிங்ஸ் ஒருவரே அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வது மிகை. வர்ஜீனியாவின் பெரிய வீட்டு அடுப்புகளில் அதைச் செய்து செய்து பழகிய கைகள் யாருடையவை என்பது மட்டும் தெளிவு. இன்று கறுப்பர் குடும்ப விருந்துகளில் மக்ரோனியைச் செய்யும் பொறுப்பு எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை, கை தேர்ந்தவருக்கே அது விடப்படுகிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில், ஆரஞ்சு கவுண்டியில், ஃப்ரீடவுன் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் உண்டாக்கிய சிறு குடியிருப்பு. அவர்களில் ஒருவரின் பேத்தி எட்னா லூயிஸ் 1916-இல் அங்கே பிறந்தார். 1976-இல் அவர் எழுதிய நூலில் அந்த ஊரின் ஆண்டு முழுவதும் பருவம் பருவமாக விரிகிறது. டிசம்பரில் பன்றி அறுப்பதும், உப்பிடுவதும், புகைக்கூடத்தில் தொங்கும் ஹாமை விருந்தாளி வரும்போதெல்லாம் இறக்குவதும் அதில் உண்டு. இது என் வாதத்தைச் சிக்கலாக்கும் சாட்சி, ஆகவே விட்டுவிடக் கூடாதது. தொடை எசமானருடையது, கணுக்கால் அடிமையுடையது என்ற பிரிவு அடிமைமுறையோடு சேர்ந்து முடியவேண்டியது. புகைக்கூடத்தின் சாவி தங்கள் கைக்கு வந்ததும் விடுதலை பெற்றவர்கள் தொடையைத் தங்கள் மேசையின் நடுவில் வைத்தார்கள். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எசமானர்களின் புகைக்கூடங்களிலும் உப்புத் தேய்த்தது அவர்களின் கைகள்தாமே. ஆனால் தொடை வந்த பிறகும் கீரைச் சட்டியிலிருந்து கணுக்காலை அவர்கள் எடுத்துவிடவில்லை. வசதி வந்தும் தொடர்கிற ஒன்றை வறுமையின் மிச்சம் என்று சொல்ல முடியாது. அதை அவர்கள் ருசிக்காக வைத்துக்கொண்டார்கள்.

கடைசி மறுப்பு இன்றைய நிலையைக் காட்டுவது. ஸ்மித்ஃபீல்டின் பெயர் தாங்கிய பெரும் நிறுவனத்தை 2013-இல் சீன நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவது ஆலையில் உப்புநீர் ஏற்றிய ஹாம். சுருள் சுருளாக அறுத்துத் தேன் பூசி விற்கும் ஹாமை வணிகமாக்கிய ஹனிபேக்டு நிறுவனம் 1957-இல் தொடங்கியது வடக்கே டெட்ராய்டில். இப்படியிருக்கத் தென்னாட்டு விருந்து என்று எதைச் சொல்வது? நான் இதையே என் பக்கத்து வலுவான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹாம் எங்கிருந்து வந்தாலும் விருந்து தென்னாட்டு விருந்தாகவே இருக்கிறதென்றால், அந்தத் தன்மை ஹாமில் இல்லை. டெட்ராய்டையே பாருங்கள். 1916-க்கும் 1970-க்கும் இடையே தெற்கை விட்டு வெளியேறிய ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பரில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். புகைக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காராமணியையும், கீரை விதையையும், கீரை வேகவைக்கும் பக்குவத்தையும் கொண்டுபோனார்கள். அதே ஹாமை அவித்த உருளைக்கிழங்கோடும் பட்டாணியோடும் வைத்தால் அது இங்கிலாந்திலோ மினசோட்டாவிலோ கிடைக்கும் சாப்பாடு. பக்கத்தில் காலர்ட், காராமணி, பாகேறிய கிழங்கு, இரும்புச் சட்டி ரொட்டி வந்ததும் அதன் ஊர் மாறிவிடுகிறது. தலைகீழாகவும் சோதிக்கலாம். ஜனவரி முதல் நாளில் காராமணியும் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் தின்றால் ஆண்டு முழுக்கக் காசு தங்கும் என்பது தெற்கில் பரவலான நம்பிக்கை. அந்தத் தட்டில் ஹாம் இல்லாத வீடுகள் உண்டு, பயறு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. உடல்நலம் கருதியோ, இஸ்லாத்தைத் தழுவியதாலோ பன்றியை விட்டுவிட்ட கறுப்பர் குடும்பங்கள் புகையிட்ட வான்கோழிக் காலைப் போட்டுக் கீரை வேகவைக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நடுவில் தொடை இல்லை, சட்டியின் அடியில் பன்றிக் கணுக்காலும் இல்லை. ஆனாலும் மிளகாய் வினிகர் விட்ட அந்தக் கீரையையும், அதன் சாற்றில் தோயும் ரொட்டியையும் தின்கிற எந்தத் தென்னாட்டாரும் அதைத் தன் ஊர்ச் சாப்பாடு இல்லை என்று சொல்லமாட்டார்.